பழைய பெய்ட்காஸ்டிங் ரீல்: உள்ளே பார்த்து வாங்குவதும் கடலுக்குத் தயார் செய்வதும்

பெய்ட்காஸ்டிங் ரீல் என்பது தூண்டில் கழியின் மேல் பொருத்தும் மீன்பிடிக் கருவி. வீசும்போது நரம்பு (தூண்டில் கயிறு) சுற்றியிருக்கும் ஸ்பூல் என்ற உருளையே சுழன்று நரம்பை விடும். பழைய ரீலை வெளிப்பூச்சைப் பார்த்து விலை பேசக் கூடாது. பாறையில் உரசிய கீறல், பெயர் அழிந்த மூடி, மங்கிய குரோம் இவையெல்லாம் ஒரு ரீலைக் கெடுப்பதில்லை. கெடுப்பது உள்ளே போன உப்பும் மணலும்தான். அவை தட்டுக்குப் பின்னால் இருப்பதால் கண்ணுக்குத் தெரியாது. விரலிலும் காதிலும்தான் பிடிபடும்.

“ஒரே ஒரு தடவைதான் கடலுக்குக் கொண்டுபோனது, அப்புறம் பரணில்தான் கிடந்தது” என்று விற்பவர் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். நம் கரையில் அது நல்ல செய்தி அல்ல. ஒரு தடவை உப்புத்தண்ணீர் பட்டு, துடைக்காமல் மூன்று வருடம் கிடந்த ரீலைவிட, வாராவாரம் கடலுக்குப் போய் வந்து துடைத்து எண்ணெய் விட்ட ரீல் எவ்வளவோ மேல். கன்னியாகுமரி மாவட்டத்தில் நீரோடி முதல் ஆரோக்கியபுரம் வரை கடலோர வீடுகளின் ஜன்னல் கம்பி எவ்வளவு சீக்கிரம் துருப்பிடிக்கிறது என்று பார்த்தாலே இது புரியும். பரணில் கிடந்தாலும் உப்புக்காற்று ரீலை விடாது.

மணல் விஷயத்தில் நமக்குக் கூடுதல் சோதனை உண்டு. மணவாளக்குறிச்சிப் பக்கத்துக் கடற்கரை மணலில் இல்மனைட், சிர்க்கான், கார்னெட் ஆகிய கனிமங்கள் கலந்திருக்கின்றன. கார்னெட் உப்புத்தாள் செய்யவே பயன்படும் கல். பித்தளையைவிடப் பல மடங்கு கடினமானது. அதில் நாலு துகள் மெயின் கியருக்கும் பினியனுக்கும் (அதோடு இணையும் சிறிய கியர்) நடுவே புகுந்தால், கைப்பிடியின் ஒவ்வொரு சுற்றும் பல்லை அரைக்கும். கறுப்பு மணலில் உள்ள இல்மனைட்டைச் சக்தி வாய்ந்த காந்தம் இழுக்கும். அதனால் காந்த பிரேக் உள்ள ரீலை மணலில் ஒருமுறை வைத்து எடுத்தால், பக்கத்தட்டின் உள்ளே காந்தங்களைச் சுற்றிக் கறுப்பு மீசை முளைத்த மாதிரி ஒட்டியிருக்கும்.

எதைத் தேடுவது

குளத்திலும் வாய்க்காலிலும் விராலுக்கு வீசுகிறவருக்கு உயரம் குறைந்த லோ புரொஃபைல் ரீல் கைக்கு அடக்கம். தூண்டில் வளைவுப் பாறையில் (கடலுக்குள் நீட்டிக் கட்டிய கல்தடுப்பு) நின்று பாரைக்கும் சீலாவுக்கும் வீசுகிறவருக்கும், மணக்குடி, தேங்காய்ப்பட்டணம் பொழிமுகங்களில் செப்பிலி, கொடுவா தேடுகிறவருக்கும் உருண்டை ரீல்தான் சரி. பழையது வாங்கும்போது உருண்டை ரீலுக்கு இன்னொரு அனுகூலமும் உண்டு. உள்ளே இடம் அதிகம், பாகங்கள் பெரியவை, கை நடுங்குகிறவரும் கழற்றி மாட்டலாம். முதல் முறை பழுது பார்க்கிறவர் உருண்டை ரீலில் தொடங்குவது நல்லது.

ஸ்வீடனில் ஸ்வாங்ஸ்டா என்ற ஊரில் 1921ல் தொடங்கிய ஆபு நிறுவனத்தின் அம்பாசடர் ரீல்களைப் பழைய சந்தையில் எல்லோரும் தேடுவதற்குக் காரணம் பெயர் மட்டும் அல்ல. ஒரே அடிப்படை அமைப்பைப் பல பத்தாண்டுகள் தொடர்ந்து செய்ததால், ஒரு ரீலின் பாகம் இன்னொன்றில் பொருந்த வாய்ப்பு அதிகம். 1970களின் அம்பாசடரில், ரீலைக் கழியில் பொருத்தும் ‘கால்’ பகுதிக்கு அடியில் ஆறு இலக்க எண் பொறித்திருக்கும். முதல் இரண்டு ஆண்டு, அடுத்த இரண்டு மாதம். 780501 என்று இருந்தால் 1978 மே. மாடல் எண்ணின் கடைசி இலக்கத்தையும் கவனியுங்கள். 6500 வலக்கைப்பிடி, 6501 இடக்கைப்பிடி. ஜப்பானின் ஷிமானோ நிறுவனத்தின் கல்கட்டா, குராடோ ரீல்களிலும் 200 வலது, 201 இடது. படத்தில் கண்ணாடி பிம்பமாகத் தெரிந்து தவறான கை ரீலை வாங்கி மாட்டிக்கொள்கிறவர்கள் உண்டு. எண்ணைக் கேட்டு வாங்கினால் அந்தத் தொல்லை இல்லை. 6500சி3 என்றால் கியர் விகிதம் 5.3:1 (கைப்பிடி ஒரு சுற்றுக்கு ஸ்பூல் 5.3 சுற்று), சி4 என்றால் 6.3:1. வேகமாக ஓடும் மீனை விரட்டி இழுக்க வேகமான சி4, கனமான மீனைத் தூக்கிவர நிதானமான சி3.

லோ புரொஃபைல் ரீல்களில் ஜப்பான் நிறுவனங்களின் ரீல் நல்ல வேலைப்பாடு உடையது. ஆனால் மாடல் சில வருடங்களுக்கு ஒருமுறை மாறும். மாடல் நின்றுபோனால் கொஞ்ச காலத்தில் கியரும் கிடைக்காது. அதனால் விலை பேசுவதற்கு முன்னாலேயே அந்த மாடலின் மெயின் கியர், பினியன் இரண்டும் இணையத்தில் எங்காவது விற்பனைக்கு இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். இல்லை என்றால், கியர் நன்றாக இருந்தால் மட்டுமே வாங்குங்கள். பெட்டியில் பதினெட்டு பேரிங் என்று போட்டிருக்கும் பெயர் தெரியாத மலிவு ரீலைப் பழையதாக வாங்கவே வேண்டாம். பேரிங் எண்ணிக்கையை வைத்து ரீலின் உழைப்பைச் சொல்ல முடியாது. உதிரி பாகமும் அதற்குக் கிடைக்காது.

வளைகுடாவில் மீன்பிடித் தொழில் செய்துவிட்டு ஊர் திரும்புகிறவர்கள் கொண்டுவரும் ரீல்கள் நம் மாவட்டத்தில் கைமாறுவது உண்டு. அவை பெரும்பாலும் நல்ல கம்பெனி ரீல்கள்தான். ஆனால் தொழிலுக்குப் பயன்பட்டவை. டிராக்கையும் (மீன் இழுக்கும்போது நரம்பை அளவாக விட்டுக்கொடுக்கும் தடுப்பு) கியரையும் இரண்டு மடங்கு கவனமாகப் பாருங்கள்.

கையில் எடுத்ததும்

முதலில் திருகுகளின் தலையைப் பாருங்கள். தலை சிதைந்திருந்தால் யாரோ ஏற்கெனவே திறந்திருக்கிறார்கள், சரியான திருப்புளி இல்லாமல் திறந்திருக்கிறார்கள் என்று அர்த்தம். உள்ளே வாஷர் வரிசை மாறியிருக்கலாம், ஸ்பிரிங் ஒன்று காணாமல் போயிருக்கலாம். திருகைச் சுற்றி வெள்ளைப் பொடி பூத்திருந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். அலுமினிய உடம்பில் ஸ்டெயின்லெஸ் திருகு இருந்து, நடுவே உப்புத்தண்ணீர் நின்றால், அங்கே ஒரு சிறு பேட்டரியே உருவாகிறது. அதில் கரைந்துபோவது அலுமினியம். மேலே கொஞ்சம் பூத்திருந்தால் துலக்கிவிடலாம். கால் பகுதியின் திருகைச் சுற்றிக் குழி விழுந்திருந்தால் அந்த ரீல் பெரிய மீனைத் தாங்காது.

அடுத்து ஸ்பூல். கிளட்சை (ஸ்பூலைக் கைப்பிடியிலிருந்து விடுவிக்கும் பொத்தான்) அழுத்திவிட்டு, ஸ்பூலின் ஓட்டத்தை இறுக்கும் பக்கவாட்டுக் குமிழான காஸ்ட் கன்ட்ரோலைத் தளர்த்தி, கட்டைவிரலால் ஸ்பூலைச் சுழற்றி விடுங்கள். ஒரே சீராக ஓடி மெல்ல நிற்க வேண்டும். ‘கரகர’ என்று கேட்டால் பேரிங். அது பெரிய செலவு அல்ல, அதை வைத்து விலையைக் குறைக்கலாம். சுழலும்போது ஸ்பூல் விளிம்பு மேலும் கீழும் ஆடினால் ஸ்பூல் தண்டு வளைந்திருக்கிறது. விட்டுவிட்டு நகர வேண்டியதுதான். ஸ்பூல் விளிம்புக்கும் உடம்புக்கும் உள்ள இடைவெளி சுற்றிலும் ஒரே அளவாக இருக்கிறதா என்று வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். ஒரு பக்கம் அகன்றிருந்தால் ரீல் கீழே விழுந்து சட்டம் வளைந்திருக்கிறது. மெல்லிய பிரெய்டு (பின்னல்) நரம்பு அந்த இடைவெளி வழியாகப் பின்னால் போய்ச் சிக்கிக்கொள்ளும்.

கைப்பிடியை மிக மெதுவாகச் சுற்றுங்கள். வேகமாகச் சுற்றினால் எல்லா ரீலும் நன்றாகத்தான் தோன்றும். ஒரு சுற்றுக்கு ஐந்தாறு வினாடி எடுத்துக்கொண்டு, இன்னொரு கையின் பெருவிரலால் ஸ்பூலை லேசாகத் தடுத்துப் பிடித்துச் சுற்றினால் கியர் பேசும். சுற்றின் ஒரே இடத்தில் மட்டும் தட்டினால் மெயின் கியரில் ஒரு பல் கெட்டிருக்கிறது. முழுச் சுற்றும் மணல் அரைத்தால் அழுக்காக இருக்கலாம், பல் தேய்ந்தும் இருக்கலாம். திறந்தால்தான் தெரியும். நரம்பை ஸ்பூலில் சீராகப் பரப்பும் நரம்பு வழிகாட்டி இரண்டு ஓரத்துக்கும் போய்த் தயங்காமல் திரும்ப வேண்டும். ஓரத்தில் நின்றுவிட்டால், அதை நகர்த்தும் பள்ளம் வெட்டிய தண்டான வார்ம் ஷாஃப்ட்டோ, அந்தப் பள்ளத்தில் ஓடும் நாக்கோ தேய்ந்திருக்கும். நாக்கு மலிவு. வார்ம் மலிவு அல்ல.

பிறகு ஸ்டாரை (கைப்பிடிக்கு அடியில் டிராக்கை இறுக்கும் நட்சத்திர வடிவத் திருகு) இறுக்கிவிட்டுக் கைப்பிடியைப் பின்னோக்கித் தள்ளிப் பாருங்கள். ஆன்டி ரிவர்ஸ் பேரிங் உள்ள ரீலில் துளியும் பின்னால் போகக் கூடாது. பல்சக்கரமும் கொக்கியும் உள்ள பழைய வகையில் கொஞ்சம் போய்ப் பிடிக்கும். அது அதன் இயல்பு. கடைசியாக டிராக்: ஸ்டாரைப் பாதி இறுக்கி நரம்பைக் கையால் இழுங்கள். தொடங்கும்போதே முரண்டு பிடித்து, பிறகு பாய்ந்து ஓடினால் வாஷர் காய்ந்திருக்கிறது அல்லது பளபளத்துப்போயிருக்கிறது. மாற்றிவிடலாம்.

இணையத்தில் வாங்கும்போது கைபட்டுப் பார்க்க முடியாது. அதனால் கால் எண், திருகுத் தலைகள், ஸ்பூல் தண்டு, வழிகாட்டியின் அடிப்பக்கம் இவற்றின் கிட்டப்படங்களைக் கேளுங்கள். கைப்பிடியை மெதுவாகச் சுற்றுகிற சத்தத்தோடு ஒரு வீடியோவும் கேளுங்கள். “நல்லா ஓடுது அண்ணாச்சி, நம்பி வாங்குங்க” என்று சொல்லிவிட்டு வீடியோ தர மறுக்கிறவரிடம் வாங்காதீர்கள்.

சட்டம், ஸ்பூல், கியர் இந்த மூன்றில் இரண்டு கெட்டிருந்தால் எவ்வளவு மலிவாக வந்தாலும் வேண்டாம். மூன்றும் நன்றாக இருந்து பேரிங், டிராக் வாஷர், நாக்கு, ஸ்பிரிங் மட்டும் போயிருந்தால் தைரியமாக வாங்கலாம். விற்பவர் கேட்கும் விலையும் தேவையான பாகங்களின் விலையும் கூட்டி, புதிய ரீலின் விலையில் பாதியைத் தாண்டினால் புதியதே வாங்கிவிடுங்கள்.

கழற்றுவது

வாங்கிய ரீல் எவ்வளவு நன்றாக ஓடினாலும், கடலுக்குக் கொண்டுபோகும் முன் ஒருமுறை முழுதாகக் கழற்றியே ஆக வேண்டும். பழைய கிரீஸுக்குள் என்ன இருக்கிறது என்று வெளியிலிருந்து சொல்ல முடியாது. மேற்குக் கரையில் விசைப்படகுத் தடை இருக்கும் ஜூன், ஜூலை மாதங்களில், ஆனி ஆடிக் கடல் கொந்தளிக்கும் நாட்களில் இந்த வேலையை வைத்துக்கொள்ளலாம்.

தேவையானவை அதிகம் இல்லை. ஜப்பான் ரீல்களின் கூட்டல் குறித் திருகுகளுக்கு அதற்கேற்ற ஜே.ஐ.எஸ் (ஜப்பான் தரநிலை) திருப்புளி வாங்குங்கள். சாதாரண ஸ்டார் திருப்புளி அதில் நழுவித் தலையைத் தின்றுவிடும். கைப்பிடி நட்டுக்குப் பல ரீல்களில் 10 மி.மீ. ஸ்பேனர் பொருந்தும். கட்டிங் பிளையரால் மட்டும் பிடிக்காதீர்கள். பழைய பல்துலக்கி, பல்குச்சி, காது துடைக்கும் பஞ்சுக்குச்சி, ஐசோபுரோப்பைல் ஆல்கஹால், மெல்லிய எண்ணெய், கிரீஸ். பாகங்களை வைக்கப் பழைய இட்லித் தட்டைவிட நல்லது எதுவும் இல்லை. முதல் குழியிலிருந்து கழற்றிய வரிசையில் வையுங்கள், மாட்டும்போது கடைசிக் குழியிலிருந்து திரும்பி வாருங்கள். ஒவ்வொரு படியிலும் போனில் படம் எடுத்துவிடுங்கள்.

அம்பாசடர் மாதிரியான உருண்டை ரீலில், கைப்பிடிப் பக்கத்தில் விரலாலேயே திருகும் மூன்று திருகுகளைத் தளர்த்தினால் தட்டு கழன்றுவிடும், ஸ்பூல் வெளியே வரும். காஸ்ட் கன்ட்ரோல் மூடியைக் கழற்றும்போது உள்ளே நகம் அளவு கூட இல்லாத செம்பு வட்டு ஒன்று கிரீஸில் ஒட்டியிருக்கும். துடைக்கும் துணியோடு அது போய்விடுவதுதான் வழக்கமாக நடப்பது. முதலில் அதை எடுத்துத் தனியே வையுங்கள். அது இல்லாவிட்டால் ஸ்பூல் தண்டு நேராக மூடியின் உலோகத்தில் உரசும், குமிழை எவ்வளவு திருகினாலும் வீச்சு வசப்படாது.

கைப்பிடி நட்டின் பூட்டுத் தகட்டையும் நட்டையும் எடுத்து, கைப்பிடி, ஸ்டார், அதற்கு அடியில் உள்ள வளைந்த வாஷர்கள் எல்லாவற்றையும் வரிசையாக எடுங்கள். வளைந்த இரண்டு வாஷரும் ஒன்றையொன்று பார்த்தபடி, பிறை அடைப்புக்குறி இரண்டு சேர்ந்த மாதிரி இருக்கும். ஒன்றுக்குள் ஒன்று அடுக்கினால் டிராக் இறுக்கம் நிதானமாக ஏறாது, ஒரே திருப்பில் பூட்டிக்கொள்ளும்.

கைப்பிடிப் பக்க உள்மூடியைத் திறக்கும்போது ரீலையும் இரு கைகளையும் ஒரு பெரிய கண்ணாடிப் பாலிதீன் பைக்குள் வைத்துக்கொள்ளுங்கள். யோக்கின் (கிளட்சை அழுத்தும்போது பினியனை நகர்த்தும் பாகம்) மேல் உள்ள இரண்டு சின்ன ஸ்பிரிங்குகள் தெறிக்கும். பை இல்லாமல் திறந்தால் பிறகு சிமென்ட் தரையில் டார்ச் அடித்துத் தேட வேண்டிவரும். வார்ம் ஷாஃப்ட்டின் முனையில் உள்ள சின்ன கிளிப்பும் அதே மாதிரிதான். கட்டைவிரலால் மூடிப் பிடித்துக்கொண்டே நெம்புங்கள்.

திருகு அசையவில்லையென்றால் பலத்தைக் காட்டாதீர்கள். துளி ஊடுருவும் எண்ணெய் விட்டு ஒரு இரவு விடுங்கள். அதற்கும் அசையாவிட்டால் சால்டரிங் அயர்ன் முனையைத் திருகின் தலையில் ஒரு நிமிடம் வைத்துச் சூடாக்கி, ஆறுவதற்குள் திருகுங்கள். பக்கத்தில் பிளாஸ்டிக் இருந்தால் இந்த முறை வேண்டாம்.

கழுவுவது

உலோகப் பாகங்களில் உறைந்த பழைய கிரீஸைப் போக்க மண்ணெண்ணெயோ வெள்ளை பெட்ரோலோ போதும். அடுப்படியில் இருந்து விலகி, காற்றோட்டமான இடத்தில் செய்யுங்கள். அழுக்கு மண்ணெண்ணெயைக் கிணற்றுப் பக்கம் கொட்டாதீர்கள். பிளாஸ்டிக்குக்கும் டிராக் வாஷருக்கும் சோப்புத் தண்ணீர் மட்டும். கார்புரேட்டர் கிளீனர் பட்டால் பிளாஸ்டிக்கில் விரிசல் விழும். காஸ்டிக் சோடா கலந்த எதுவும் அலுமினியத்தையே கரைக்கும், பக்கம் வரக் கூடாது.

கடலோர ஊர்களில் பல கிணறுகளின் தண்ணீர் உவர்ப்பாக இருக்கும். கடைசிக் கழுவலுக்கு அதைப் பயன்படுத்தினால் போக்கிய உப்பையே மறுபடி பூசுகிறோம். குடிக்கிற தண்ணீரால் அலசுங்கள். பிறகு மின்விசிறிக்குக் கீழே துணியில் பரப்பி ஒரு இரவு காயவிடுங்கள்.

பித்தளைப் பாகத்தில் பச்சைக் களிம்பு பிடித்திருந்தால், விளக்குத் துலக்குகிற அதே புளி போதும். புளியின் அமிலம் களிம்பைக் கரைக்கும். பத்து நிமிடம் பூசிவைத்துப் பல்துலக்கியால் தேய்த்து உடனே அலசுங்கள். சாம்பலோ செங்கல் பொடியோ கியரின் பல்லில் படவே கூடாது, அது மணல் செய்கிற வேலையையே செய்யும். புளியும் வினிகரும் பித்தளைக்கு மட்டும்தான். நிறம் ஏற்றிய அலுமினியத் தட்டில் பட்டால் நிறம் வெளுத்துவிடும். அலுமினியத்தின் வெள்ளைப் பூவை மூங்கில் குச்சியால் சுரண்டி, சோப்புத் தண்ணீரால் துலக்கினால் போதும்.

பாகம் பாகமாக

கியரைச் சூரிய வெளிச்சத்தில் பிடித்துப் பல்லின் நுனியைப் பாருங்கள். நுனி தட்டையாக இருந்தால் ஆயுள் பாக்கி இருக்கிறது. கத்தி முனை மாதிரி கூராகியிருந்தால் முடிந்துவிட்டது. மாற்றும்போது மெயின் கியரையும் பினியனையும் சேர்த்தே மாற்றுங்கள். பழைய பினியனோடு புதிய மெயின் கியர் ஒன்றுசேர்ந்து பழகாது, முதல் நாளே அரைக்கும்.

பேரிங்கை ஆல்கஹாலில் ஆட்டிக் கழுவி, காய்ந்தபின் பென்சிலில் மாட்டி விரலால் சுழற்றுங்கள். கழுவிய பின்னும் கரகரத்தால் தூக்கிப்போடுங்கள், அதன் குண்டுகள் ஓடும் தடத்தில் துரு குழி பறித்துவிட்டது. பல ரீல்களின் ஸ்பூல் பேரிங்கில் 623 என்ற எண் இருக்கும்: உள்துளை 3, வெளிவிட்டம் 10, அகலம் 4 மி.மீ. வெர்னியரில் அளந்தே வாங்குங்கள். கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கிற 623 மோட்டாருக்கு நல்லது, கடலுக்கு அல்ல. ஸ்டெயின்லெஸ் என்று கேட்டு வாங்குங்கள். செராமிக் குண்டு பேரிங் துருப்பிடிக்காது என்பார்கள். குண்டு பிடிக்காது, வளையம் பிடிக்கும். எண்ணெய் அதற்கும் வேண்டும்.

கழுவி எண்ணெய் விடாத பேரிங் அற்புதமாகச் சுழலும். அதை அப்படியே மாட்டிவிடாதீர்கள். நம் காற்றில் அது ஓரிரு நாளில் துருப்பிடித்துவிடும். ஸ்பூல் பேரிங் ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு சொட்டு மெல்லிய எண்ணெய். தையல் மிஷின் எண்ணெய் நன்றாகவே போதும். தேங்காய் எண்ணெய் எக்காரணம் கொண்டும் வேண்டாம். சுமார் 24 டிகிரிக்குக் கீழே அது உறையும், கொஞ்ச நாளில் பிசுபிசுத்துக் காறிப்போய் தூசியைக் கட்டியாக்கும். பழைய ரீல்கள் பலவற்றில் வார்ம் ஷாஃப்ட் முழுக்க மஞ்சள் பிசினாக இருப்பதற்கு அதுதான் காரணம்.

ஆன்டி ரிவர்ஸ் பேரிங்தான் அதிகம் பேர் தவறு செய்கிற இடம். அதற்குள் இருப்பது குண்டு அல்ல, சின்ன உருளைகள். அவை உள்குழாயை இறுகப் பிடிப்பதால்தான் கைப்பிடி பின்னால் போகாது. கிரீஸ் வைத்தால் உருளை வழுக்கும். மீன் அடித்து இழுக்கும் நேரத்தில் கைப்பிடி பின்னோக்கிச் சுழன்று விரல் முட்டியில் அடிக்கும். ஆல்கஹாலில் கழுவி, ஒரு சொட்டு மெல்லிய எண்ணெயைப் பஞ்சுக்குச்சியில் தொட்டுத் தடவினால் போதும். உள்குழாயில் துருக் குழி இருந்தால் குழாயையும் மாற்றுங்கள், பேரிங்கை மட்டும் மாற்றிப் பயன் இல்லை.

டிராக்கில் உராய்வு வாஷரும் உலோக வாஷரும் மாறிமாறி வரும். உலோகத்தில் சில, உள்ளே இருக்கும் குழாயோடு பிடிக்கும். சில, வெளிக்காதால் மெயின் கியரோடு பிடிக்கும். வரிசை மாறினால் டிராக் வேலை செய்யாது, ஆகவே எடுத்ததும் ஒரு நூலில் கோத்துவிடுங்கள். உலோக வாஷரில் துருத்தடம் இருந்தால் 1000 எண் உப்புத்தாளைக் கண்ணாடி மேல் விரித்து, வாஷரை எட்டு வடிவில் தேய்த்துத் தட்டையாக்குங்கள். பழைய ஃபைபர் வாஷர் வெடித்திருந்தால் கார்பன் வாஷராக மாற்றுங்கள். கார்பன் வாஷருக்கு டிராக்குக்கான கிரீஸ் மட்டும், விரலில் தொட்டு ஈரம் தெரிகிற அளவு. வண்டி கிரீஸ் வைத்தால் சூட்டில் உருகி டிராக் வழுக்கும்.

மாட்டுவது

கியரில் கிரீஸை அப்பாதீர்கள். மெயின் கியருக்கு ஒரு பச்சைப்பயறு அளவு கிரீஸை மெல்லிய தூரிகையால் பல் இடுக்குகளில் பரப்பினால் போதும். அதிகமானது பிரேக் வளையத்துக்குத் தெறிக்கும். மையவிலக்கு பிரேக் கட்டைகள் (ஸ்பூல் சுழலும்போது வெளியே தள்ளப்பட்டு உரசி வேகத்தைக் குறைப்பவை) ஓடும் வளையத்தில் எண்ணெய் பட்டால் பிரேக் பிடிக்காது, எதிர்க்காற்றில் வீசியதும் சிக்கு விழும். அந்த வளையத்தை ஆல்கஹாலால் துடைத்துக் காயவிட்டு மூடுங்கள். பழைய அம்பாசடரில் இரண்டே கட்டைகள். ஒன்று தொலைந்துபோனால் மற்றதை மட்டும் வைத்து ஓட்டாதீர்கள், ஸ்பூல் அதிரும்.

வார்ம் ஷாஃப்ட்டில் கெட்டியான கிரீஸ் வேண்டாம். அது வெளியே திறந்த பகுதி, மணலை ஒட்டவைக்கும். எண்ணெய் இரண்டு சொட்டு. நாக்கை வைத்து மூடியை இறுக்கும்போது கைப்பிடியை மெல்லச் சுற்றிக்கொண்டே இறுக்குங்கள். பள்ளத்தில் நாக்கு உட்காராமல் மூடியை முடுக்கினால் நாக்கின் நுனி உடையும். ஒவ்வொரு திருகின் மரையிலும் கிரீஸைத் தடவிவிட்டு மாட்டுங்கள். அடுத்த முறை கழற்றும்போது சால்டரிங் அயர்ன் தேவைப்படாது.

பிரெய்டு நரம்பை நேராக ஸ்பூலில் கட்டினால் இறுக்கும்போது மொத்தமும் வழுக்கிச் சுற்றும். கீழே சில சுற்று மோனோ (ஒற்றை இழை நரம்பு) ஓட்டிக் கட்டுங்கள். விளிம்புக்கு 2, 3 மி.மீ. கீழே நிறுத்துங்கள். டிராக்கைத் தராசால் அளந்து வையுங்கள்: 10 கிலோ தாங்கும் நரம்பில் 2.5 முதல் 3 கிலோ இழுத்ததும் ஸ்பூல் கொடுக்க வேண்டும்.

காஸ்ட் கன்ட்ரோலுக்குக் கண்ணால் பார்க்கிற சோதனை இருக்கிறது. பயன்படுத்தப்போகும் லூரை (செயற்கை இரை) ராடு நுனியில் தொங்கவிட்டுக் கிளட்சை அழுத்துங்கள். லூர் மெதுவாக இறங்க வேண்டும், தரையைத் தொட்டதும் ஸ்பூல் அதிகம் ஓடாமல் நிற்க வேண்டும். முதல் வீச்சுகளைத் திறந்த வெளியில், காற்று முதுகில் படுகிற திசையில் பாதி பலத்தில் வீசுங்கள். ஆடிக்காற்றை எதிர்த்து வீசும்போது பிரேக்கைக் கூட்டி வையுங்கள். காற்று லூரின் வேகத்தைக் குறைக்கும், ஸ்பூல் பழைய வேகத்திலேயே ஓடும், அதனால்தான் சிக்கு.

மாட்டிய பின் கைப்பிடி சுற்றக் கனமாக இருந்தால் பினியனும் யோக்கும் சரியாக உட்காரவில்லை, அல்லது காஸ்ட் கன்ட்ரோல் மிகை இறுக்கம். கிளட்ச் அழுத்தியும் ஸ்பூல் விடவில்லை என்றால் யோக் ஸ்பிரிங் கோணி நிற்கிறது. வீசியதும் கிளட்ச் தானாக மூடிக்கொண்டால் கிளட்ச் பிடிக்கும் கொக்கி தேய்ந்திருக்கிறது. டிராக் ஸ்டாரை முழுதும் இறுக்கியும் பிடிக்காமல் வழுக்கினால், முக்கால்வாசி நேரம் வாஷர் ஒன்று விடுபட்டிருக்கும் அல்லது வளைந்த வாஷர் திரும்பியிருக்கும். இட்லித் தட்டில் ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

கடலுக்குப் போய் வந்ததும்

ரீலைத் தண்ணீரில் முக்கவே கூடாது. அழுத்தமான பைப்பால் அடிக்கவும் கூடாது, உப்பை உள்ளே தள்ளுவது அதுதான். ஸ்டாரை இறுக்கிவிட்டு, நல்ல தண்ணீரை மெல்லத் தெளித்து, துணியால் துடையுங்கள். பிறகு ஸ்டாரை முழுதாகத் தளர்த்திவிடுங்கள். இறுக்கிய நிலையில் கிடந்தால் டிராக் வாஷர் நசுங்கித் தட்டையாகி, அடுத்த முறை முரண்டு பிடிக்கும். வார்ம் ஷாஃப்ட்டில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டுக் கைப்பிடியை இருபது சுற்று சுற்றுங்கள். மாதம் நான்கைந்து முறை கடலுக்குப் போகிற ரீலின் ஸ்பூல் பேரிங்கை மாதம் ஒருமுறை எடுத்துக் கழுவி எண்ணெய் விடுங்கள், முழுதாகக் கழற்றுவது ஆறு மாதத்துக்கு ஒருமுறை போதும். ஈரத்தோடு பாலிதீன் பையில் கட்டிவைக்காமல், காய்ந்தபின் பருத்தித் துணிப்பையில் போட்டு, கடல் பார்த்த ஜன்னலுக்கு எதிர்ப்பக்கத்து அலமாரியில் வையுங்கள்.